படத்தின் கீழ் மூலையில்

பழனி அடிவாரத்தில் சட்டம் போட்ட சாமி படங்கள் விற்கிற கடைகளில் ஞானப்பழப் போட்டிப் படத்தைப் பார்க்கலாம். நடுவில் அம்மையப்பர், நாரதர் கையில் பழம், ஒரு பக்கம் தோகை விரித்துக் கிளம்பும் மயிலும் அதன்மேல் பாலமுருகனும், மறுபக்கம் அவசரமே இல்லாத பிள்ளையார். கோபித்துக்கொண்டு வந்த பிள்ளை நின்ற மலைக்கு ஏறுகிற கூட்டத்தில் இந்தக் கதை தெரியாத குழந்தை இருக்காது. பிள்ளையாரின் பாதத்துக்குப் பக்கத்தில், படத்தின் கீழ் மூலையில், முன்னங்கால்களைத் தூக்கியபடி ஒரு எலி நிற்கும். சில படங்களில் அதன் கையில் கொழுக்கட்டை இருக்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்வை மேலேதான்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பந்தயம் இரண்டு வாகனங்களுக்கு இடையில் நடந்தது. ஒன்றுக்குச் சிறகு உண்டு. இன்னொன்று, யானைத் தலையும் பானை வயிறுமான ஒருவரைச் சுமந்துகொண்டு உலகத்தைச் சுற்றிவர வேண்டும். பழம் யாருக்கு என்பதில் மற்ற எல்லாரையும்விட அதிகம் கலங்கியிருக்க வேண்டியது அந்த எலிதான். பிள்ளையார் பெற்றோரைச் சுற்றினாலே போதும் என்று முடிவெடுத்தபோது அது விட்ட பெருமூச்சைப் பற்றி எந்தக் கதாகாலட்சேபத்திலும் பேச்சில்லை. மயிலுக்குக் காவடியில் இறகாக இடம் கிடைத்தது. எலிக்குப் படத்தின் மூலை.

எலியை நாயகனாக வைத்த படப்புத்தகங்களைப் பற்றிப் பேச திண்டுக்கல் சமவெளியிலிருந்து தொடங்குவதற்கு இந்த மூலைதான் காரணம். கோபாலசமுத்திரக் கரையில் நூற்றெட்டு விநாயகர்களுக்குக் கோயில் எழுப்பிய ஊர் இது. தென்னந்தோப்பும் மக்காச்சோளக் காடும் உள்ள எந்தக் கிராமத்திலும் எலியோடு வழக்கு இல்லாத வீடு கிடையாது. ஆனால் இங்கே வளரும் குழந்தை புத்தகத்தில் முதலில் சந்திக்கும் எலி, பெரும்பாலும் கோட்டுப் போட்டுக்கொண்டு பாலாடைக்கட்டி தின்கிற வெளியூர் எலி. அதற்கும் முன்னால் கைப்பேசியில் ஜெர்ரி வந்துவிடுகிறது. பள்ளிப் பையில் மிக்கி சிரிக்கிறது.

தமிழ்நாட்டில் எலிக்குப் படம் வரைந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் ஏழாம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம் ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறை. தேவர்கள், நாகர்கள், கந்தர்வர்கள், நிஜ அளவுக்குப் போட்டி போடும் யானைகள் எல்லாம் அதில் உண்டு. அந்தப் பெரிய யானைக்குப் பக்கத்தில், கீழே, ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றிச் சில எலிகள். அவற்றில் கும்பிடுகிற எலியும் உண்டு. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இந்தக் கதை வருகிறது. தவசி வேடம் போட்ட பூனையை நம்பி எலிகள் தங்கள் குஞ்சு குட்டிகளை அதன் பாதுகாப்பில் ஒப்படைக்க, பூனை கொழுக்கிறது, எலிகள் குறைகின்றன.

சுற்றுலா வழிகாட்டிகள் இதைக் கடைசியில் ஒரு வேடிக்கையாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குழந்தைகள் நகர மாட்டார்கள். மேலே நிற்கும் தெய்வங்களை அவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். பூனையும் எலிகளும் கீழ்வரிசையில், அவர்கள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கின்றன. பல்லவச் சிற்பி குழந்தைகளை நினைத்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் படப்புத்தகம் என்ற வடிவம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடித்த உத்தி அங்கே கல்லில் இருக்கிறது. மிகப் பெரியதற்குப் பக்கத்தில் மிகச் சிறியதை வைத்து, கண்ணைக் கீழே இறங்க வைப்பது.

கவிஞர்கள் அப்படி இறங்கவில்லை. புறநானூற்றின் 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கடித்துக்கொண்டுபோய் வளை நிறையச் சேர்த்துவைக்கும் எலியைச் சொல்லி, அப்படிப்பட்ட மனிதர்களின் நட்பே வேண்டாம் என்கிறான். அவனுக்கு வேண்டியது புலி. இடப்பக்கம் விழுந்த பன்றியை உண்ணாமல் விட்டு, மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தித் தின்னும் வீம்புக்காரப் புலி. திருக்குறளின் படைமாட்சியில் எலிகள் ஒரு பெரும் சேனை, கடல்போல் இரைச்சல் போடும் சேனை. நாகம் ஒருமுறை மூச்சுவிட்டால் அவ்வளவும் காலி. நற்றிணை 83இல் தலைவியின் தோழி ஊர்முகப்பு மரத்திலிருக்கும் ஆந்தையிடம், இரவில் அலறித் தொலைக்காதே, ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறேன் என்று லஞ்சம் பேசுகிறாள். அரசன் பார்வையில் அற்பம், போர்க்கலையில் வெறும் கூச்சல், காதலில் ஆந்தைக்குத் தீனி. ஒவ்வொன்றும் கூர்மையான கவனிப்பு. வளையில் கதிர் அடுக்குவதை நேரில் பார்க்காதவன் அந்த உவமையைச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கிறவன் எப்போதும் நின்றுகொண்டே பார்க்கிறான்.

வயலில் நிற்கிறவனுக்கும் அதே நியாயம். வரப்பைத் துளைத்து மடையின் தண்ணீரையெல்லாம் வடியவிடும் வயல் பெருச்சாளி, புஞ்சைக்காட்டு வெள்ளெலி, புல்லெலி, பத்து கிராம்கூடத் தேறாத வயல் சுண்டெலி என்று எலி இங்கே ஒரு சாதியல்ல. தென்னை மரத்தில் ஏறி இளங்காயைக் காம்புப் பக்கம் ஓட்டை போட்டுத் தள்ளுகிற எலிக்காகத் தண்டில் தகரம் சுற்றியிருப்பதை ஒட்டன்சத்திரம், பழனி வழியில் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். நெல் வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுவார்கள். நற்றிணைத் தோழி வாயால் கொடுத்த வாக்கை இந்த விவசாயி நிறைவேற்றுகிறான். காவிரிப் படுகைக்காரர்கள் மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கிறார்கள். வீட்டில் பொறியும் மசால்வடையும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழக அரசு தடை செய்தது, எலிகள்மேல் இரக்கப்பட்டு அல்ல. அது மனித உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி, உள்ளே சேர்த்துவைத்த நெற்கதிரை எடுத்து வந்து குத்திச் சமைத்த ஏழைக் குடும்பங்கள் நெல் விளையும் ஊர்கள் எல்லாவற்றிலும் இருந்தன. சில இடங்களில் எலியும் அன்றைய குழம்பு. நல்லுருத்திரன் இகழ்ந்த அந்தச் சேமிப்பு, நிலம் இல்லாதவனுக்கு மறு அறுவடை. 2017இல் வறட்சி நிவாரணம் கேட்டு அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் போராடியபோது எலிகளை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார்கள். இதைத் தின்னும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று சொல்வதற்கு. அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. எலி தின்பதை இழிவின் கடைசிப் படியாகக் காட்டிய அந்தப் போராட்டப் படத்தை, அதை எப்போதும் தின்று வந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி அப்போது யாருக்கும் எழவில்லை.

இத்தனையும் தெரிந்த ஒரு வீட்டில் எலிக்குப் பரிந்து பேசும் புத்தகத்தை ஒரு தாய் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும். சிக்கல் இங்கேதான், சுவாரசியமும் இங்கேதான்.

இங்கிலாந்திலும் எலி வீட்டுக்கு வேண்டாத விருந்தாளிதான். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1904இல் வெளியிட்ட இரண்டு கெட்ட எலிகளின் கதையில் வரும் ஹங்கா மங்காவும் டாம் தம்பும் உண்மையான எலிகள். உறவினர் வீட்டுச் சமையலறையில் கூண்டுப் பொறியில் மாட்டியவை. பாட்டர் அவற்றைக் கொல்ல விடாமல் எடுத்துவந்து வளர்த்து, உட்கார்ந்தும் படுத்தும் ஓடியும் இருக்கிற நிலைகளில் வரைந்தார். கதை எளிமையானது. பொம்மை வீட்டுக்குள் நுழையும் எலி தம்பதிக்குச் சாப்பாட்டு மேசையில் பெரிய விருந்து தெரிகிறது. கடித்தால் எல்லாம் சுண்ணாம்பு. கோபத்தில் தட்டுகளை உடைத்து, தலையணையைக் கிழித்து, கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போகின்றன. பிறகு உடைத்ததற்கு ஈடாக ஒரு வளைந்த காசை வைத்துவிடுகின்றன. தினமும் விடியற்காலையில் ஹங்கா மங்கா துடைப்பத்தோடு வந்து வீட்டைப் பெருக்கிக் கொடுக்கிறாள்.

இதில் பாட்டரின் நேர்மை கவனிக்கத்தக்கது. எலி திருடுகிறது, நாசம் செய்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்த நாசத்துக்கு ஒரு காரணம் தருகிறார். பார்க்க அழகாக இருந்து தின்ன முடியாத சாப்பாடு. பசியும் ஏமாற்றமும் தெரிந்த எந்தப் பிள்ளையும் அந்த இடத்தில் எலியின் கட்சிக்குப் போய்விடும். பொம்மைகளுக்காக வருத்தப்படுகிற குழந்தை அபூர்வம்.

இந்த வடிவத்தின் உச்சம் என்று சொல்லத் தகுந்தது லியோ லியோன்னியின் ‘ஃப்ரெட்ரிக்’, 1967. ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, இத்தாலியிலும் அமெரிக்காவிலுமாக வாழ்ந்த லியோன்னி விளம்பர ஓவியத்திலிருந்து வந்தவர். ‘ஃப்ரெட்ரிக்’கின் எலிகள் காகிதத்தைக் கிழித்து ஒட்டியவை. சாம்பல் நிற முட்டை வடிவ உடம்பு, வட்டக் காது, பாதி மூடிய கண். ஒரு கல்சுவருக்குள் ஐந்து எலிகள் குடியிருக்கின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதால் களஞ்சியம் காலி. குளிர்காலம் வருகிறது. நான்கு எலிகள் இரவுபகலாகச் சோளமும் கொட்டைகளும் கோதுமையும் வைக்கோலும் சேர்க்கின்றன. ஃப்ரெட்ரிக் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், வெயிலைச் சேர்க்கிறேன், நிறங்களைச் சேர்க்கிறேன், சொற்களைச் சேர்க்கிறேன் என்கிறது. தானியம் தீர்ந்து, குளிர் ஏறி, பேச்சும் நின்றுபோன நாளில் மற்ற எலிகள் அதன் சேமிப்பைக் கேட்கின்றன. அது கண்களை மூடச் சொல்லி வெயிலைப் பற்றிப் பேசுகிறது, உடம்பு சூடாகிறது.

சோழன் நல்லுருத்திரனும் லியோன்னியும் ஒரே எலியைத்தான் பார்த்திருக்கிறார்கள், வளைக்குள் கதிர் அடுக்கும் எலியை. அரசன் அதை வெறுத்துவிட்டுப் புலியிடம் போனான். லியோன்னி அந்த வளைக்குள்ளேயே தங்கி, அங்கே ஒரு கவிஞனைக் கண்டுபிடித்தார். புறநானூற்றுப் பாட்டில் சேர்த்து வைப்பது கஞ்சத்தனம். இங்கே எதைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. சோம்பேறி எலிக்கு வக்காலத்து என்று இந்தப் புத்தகத்தைக் குறை சொன்ன ஆசிரியர்கள் உலகம் முழுக்க உண்டு, எறும்பும் வெட்டுக்கிளியும் கதையில் ஊறியவர்கள். ஆனால் லியோன்னி நான்கு உழைப்பாளி எலிகளை எங்கும் இளக்காரமாக வரையவில்லை. குளிர்காலத்தின் முதல் பாதியை ஓட்டியது அவை சேர்த்த தானியம். கவிதைக்கு வேலை வருவது தானியம் தீர்ந்த பிறகு. பண்ணைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன களஞ்சியமும் இங்கே புதிதல்ல. மழை பொய்த்த வருடங்களில் திருப்பூருக்கும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், எலிகளும் குலுக்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடியிருக்கும்.

இந்தியக் கதைகள் வெளியே போய் எலிப் புத்தகங்களாகத் திரும்பிய கதை இன்னும் விசித்திரம். எட் யங் 1992இல் செய்த ‘ஏழு குருட்டு எலிகள்’ யானையைத் தடவிப் பார்த்த குருடர்களின் கதைதான்; பௌத்த உதானத்தில் இருப்பது. அவர் குருடர்களை எடுத்துவிட்டு ஏழு நிற எலிகளை வைத்தார். கறுப்புப் பக்கங்களில் நாளுக்கு ஒரு எலி போய்த் தூண் என்றும் பாம்பு என்றும் சொல்லிவிட்டு வர, கடைசியில் வெள்ளெலி யானை முழுவதிலும் ஏறி இறங்கி ஓடிப் பார்க்கிறது. குருடர்கள் தடவினார்கள், எலியால் யானைமேல் ஓட முடியும். ஒரு சிறு மாற்றத்தில் கதை நகைச்சுவையிலிருந்து பயணமாகிவிட்டது.

மார்சியா பிரவுன் மரச்செதுக்கு ஓவியங்களால் செய்த ‘முன்னொரு காலத்தில் ஒரு எலி’ 1961இல் வந்து, 1962இல் அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கத்தைப் பெற்றது. மூலம் இதோபதேசம். காக்கையிடமிருந்து தப்பிய எலிக்குஞ்சை முனிவர் காப்பாற்றிப் பூனையாக்கி, நாயாக்கி, புலியாக்குகிறார். எலியாக இருந்தது என்று சொல்லிக் காட்டுவதைப் பொறுக்காத புலி முனிவரையே கொல்ல நினைக்க, அவர் அதைத் திரும்ப எலியாக்கிவிடுகிறார். மரச்செதுக்குகள் அபாரமானவை, மரத்தின் ரேகைகள் காட்டின் இருட்டாகவே மாறுகின்றன. கதைதான் உறுத்துகிறது. எலி கேட்டு வாங்கிய உருவம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் உயர்த்தியவர் முனிவர், அதைச் சொல்லிக்காட்டியவரும் அவரே. இருந்தும் நன்றிகெட்டது என்ற பெயர் எலிக்கு. பிறந்த இடத்தை மறக்காதே என்று கீழே இருப்பவனுக்குச் சொல்லும் இந்தக் கதையைத் தமிழ்நாட்டு வகுப்பறையில் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்வதற்கு முன் ஆசிரியர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை?

அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட புத்தகம் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. ஸாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்து, 2000இல் தூலிகா வெளியிட்ட காளி என்ற இருளர் சிறுவனின் கதை. அவன் அப்பா பாம்பு பிடிப்பவர். அவன் கொண்டுவரும் தின்பண்டம் வறுத்த ஈசல், வகுப்பில் அவனுக்கு நண்பர்கள் இல்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் பாம்பு வர, எல்லாரும் மேசைமேல் ஏறும்போது அவன் மட்டும் அதைப் பிடிக்கிறான். பிடிபட்டது சாரைப்பாம்பு, எலி தின்று விவசாயிக்கு உதவுவது. புத்தகத்தில் எலி நாயகன் இல்லை. ஆனால் எலி, பாம்பு, பாம்பு பிடிப்பவன், வயல் என்ற சங்கிலி முழுவதும் அதன் பின்னால் இருக்கிறது.

எலியே நாயகனாக, தமிழிலேயே பிறந்து, மனதில் நிற்கும் படப்புத்தகம் எது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. 1996இல் தொடங்கிய தூலிகாவும் அதற்கு முன்பே வந்த தாரா புக்ஸும் சென்னையில் இருந்துகொண்டு உலகத் தரத்தில் படப்புத்தகம் செய்கின்றன. அவற்றில் குழந்தைகள் பெயர் சொல்லிக் கேட்கும் விலங்கு யானைதான். அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’ 2010இல் வந்ததிலிருந்து தும்மிக்கொண்டே இருக்கிறது. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. இலக்கியக் களமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தும் திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் சிறுவர் அரங்குகளில்தான் நெரிசல். வாசகர் இருக்கிறார்கள், அச்சகம் இருக்கிறது. குறைவது எலியின் உயரத்துக்குக் குனிகிற ஓவியர்.

கதைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரம் முழுக்க இரணியகன் என்ற எலியின் தோள்மேல் நிற்கிறது; தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து தமிழாக்கி 1826இல் அச்சேறிய நூலில் அது வெகுகாலமாகக் கிடைக்கிறது. வலையில் சிக்கிய புறாக்களை விடுவிக்கும் காட்சியைப் பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. விட்டுவிட்டது அதன் சுயசரிதையை. அது மகிளாரோப்பியம் என்ற தென்தேசத்து நகரில் ஒரு மடத்தில் வாழ்ந்தபோது, துறவி எவ்வளவு உயரத்தில் பிச்சைப் பாத்திரத்தைத் தொங்கவிட்டாலும் தாவி எட்டிவிடும். விருந்தாக வந்த இன்னொரு துறவி, இவ்வளவு தெம்புக்குக் காரணம் வளைக்கு அடியில் இருக்கும் புதையல்தான் என்று தோண்டி எடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு எலியால் தாவ முடியவில்லை. கூட இருந்த எலிகளும் விலகிவிடுகின்றன. ஒரே சுவரும் ஒரே ஆணியும் எல்லாப் பக்கத்திலும் இருக்க, எலி குதிக்கும் உயரம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதாக வரைந்தால் பணம் என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல் இல்லாமலே புரிந்துவிடும்.

அதைவிட நல்லது சாந்தி பருவத்தில் பீஷ்மர் சொல்வது. ஆலமரத்தடியில் நூறு வாசல் வளையில் பலிதன் என்ற எலி. வலையில் மாட்டிய லோமசன் என்ற பூனை. தரையில் கீரி, கிளையில் ஆந்தை. எலிக்கு அந்த நேரத்தில் பாதுகாப்பான ஒரே இடம் பூனையின் மடி. அங்கே போய் ஒண்டிக்கொண்டு, கீரியும் ஆந்தையும் ஏமாந்து போகும்வரை வலையை மெல்ல மெல்லக் கடிக்கிறது. வேடன் வந்துவிட்ட கடைசி நொடியில் கடைசிக் கயிற்றை அறுக்கிறது. பூனை மரத்துக்கு, எலி வளைக்கு. பிறகு பூனை நட்புப் பாராட்டிக் கூப்பிட, எலி வாசலிலேயே நின்று மரியாதையாக மறுத்துவிடுகிறது. ஜூலியா டொனால்ட்சனும் ஆக்ஸல் ஷெஃப்லரும் 1999இல் ‘க்ரஃபலோ’வில் நரி, ஆந்தை, பாம்பு எல்லாவற்றையும் ஒரு சுண்டெலியின் வாய்ச்சாமர்த்தியத்தால் விரட்டினார்கள், கோடிக்கணக்கில் விற்றது. பலிதன் அதற்கு எந்த விதத்திலும் இளைத்தவன் இல்லை. அவனுக்கு இன்னும் முகம் வரையப்படவில்லை.

ஒரு காலத்தில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக வந்த சோவியத் சிறுவர் நூல்கள் வழவழத்தாளும் கெட்டி வண்ணமுமாகப் படப்புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இரண்டு தலைமுறைகளுக்குக் காட்டின. 1991க்குப் பிறகு அந்த வரவு நின்றது. அந்த மரபில் வந்தவர் விளதீமிர் சுத்தேயெவ், கார்ட்டூன் படக்காரர். அவருடைய எலியும் பென்சிலும் கதையைப் போபாலின் ஏகலவ்யா இந்தியில் வெளியிட்டு அது வடக்கே பள்ளி பள்ளியாகச் சுற்றியது. பென்சிலைக் கொறிக்க வருகிறது எலி. கடைசியாக ஒரு படம் வரைந்துகொள்கிறேன் என்று பென்சில் தவணை கேட்கிறது. பெரிய வட்டம் போடுகிறது. பாலாடைக்கட்டி என்கிறது எலி. உள்ளே மூன்று சின்ன வட்டங்கள், அதிலுள்ள துளைகள். கீழே இன்னொரு பெரிய வட்டம், ஆப்பிள். நீள நீளமாகச் சில, சாஸேஜ். எலி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே தன் எதிரியை வரைய உதவுகிறது.

திண்டுக்கல்லில் இதை வரைய உட்காரும் ஓவியருக்கு முதல் தடங்கல் அந்தப் பாலாடைக்கட்டி. இங்கே பொறியில் வைப்பது மசால்வடை, அதில் துளை கிடையாது. உளுந்து வடையில் ஒரே துளை. பூனைக்கு இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் வேண்டும். பொரித்த அப்பளம் சரிவரும், மூன்று கொப்புளங்களோடு. ஆப்பிளுக்கு ஆயக்குடிக் கொய்யா. காலுக்கும் வாலுக்கும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக முருங்கைக்காய், வளைந்ததாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். பிறகு தலையின் மேல் இரண்டு முக்கோணம். அதற்கு எந்தத் தின்பண்டத்தையும் தேட வேண்டாம், அந்த இடத்தில் எலி ஓடிவிடும். மீசையைப் படிக்கிற பிள்ளை போட்டுக்கொள்ளட்டும்.